மேட்டில் இழுக்காத வண்டி: இ.ஜி.ஆர்., இன்ஜெக்டர் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கம்பம், போடி பக்கத்து ஜீப் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம். வண்டி இழுக்கவில்லை என்றால் பட்டறைக்குள் நுழையும்போதே "இன்ஜெக்டர் போயிருச்சுண்ணே" என்பார்கள். ரீமேப் செய்து (எவ்வளவு டீசல் என்று என்ஜின் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும் மேப்பை மாற்றி எழுதி), டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனியான நாசிலையும் பெரிதாகப் போட்ட வண்டி என்றால் "இன்னும் ஒரு சைஸ் பெருசாப் போட்டுருவோம்ணே" என்று வைத்தியத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு காற்று வரும் பக்கத்தில்தான் இருக்கும். மூடாமல் நிற்கும் இ.ஜி.ஆர். வால்வு (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடுவது), அடியில் கிழிந்த டர்போ ஹோஸ், அழுக்கேறிய மாஃப் சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது), இப்படி ஏதாவது ஒன்று.

டீசலில் கரும்புகை வந்தால், இருக்கிற காற்றுக்கு மேல் டீசல் போகிறது என்று பொருள். டீசல் கூடியதா, காற்று குறைந்ததா என்று பிரிக்காமல் இன்ஜெக்டரில் கை வைப்பது வீண் செலவு. அதனால், அறிகுறியே வேறு இடத்தைக் காட்டினால் தவிர, பொதுவாக இந்த வரிசையில் போகிறேன்: முதலில் காற்று, அப்புறம் இ.ஜி.ஆர்., அப்புறம் டீசல் வரும் வழி, அதன் பிறகு இன்ஜெக்டர், கடைசியில் மேப். செலவும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஏறும்.

இது காமன் ரெயில் டீசல் வண்டிகளுக்கு, அதாவது ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் டீசலை உயர் பிரஷரில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வகைக்கு. பழைய பம்ப் வகை ஜீப்புக்குப் பாதி பொருந்தாது. டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போகலாம்.

## கை வைக்கும் முன்

ரெயில் பிரஷர் ஐடிலிங்கிலேயே 250, 300 பார் இருக்கும். முழு ஆக்சிலரேட்டரில் பல என்ஜின்களில் 1600 பாரைத் தொடும். என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழைய பம்ப் காலத்து வழக்கம். இங்கே அது கூடவே கூடாது. லீக் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவாதீர்கள், ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். அந்தப் பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் காயம் தெரியும், உள்ளே சதை கெட்டு அறுவைச் சிகிச்சை வரை போகும். அப்படி ஆனால் வலிக்கவில்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் விட்டுத்தான் எந்த நட்டையும் தொடுவது.

ஒரு ஸ்கேனர் வேண்டும். என்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு. பதிந்துவைக்கும் கோளாறுக் கோடு (பி0299 போன்ற எண்) படிக்க, போனோடு இணையும் மலிவான புளூடூத் கருவி போதும். இன்ஜெக்டர் கரெக்‌ஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் இ.சி.யு. கூட்டிக் குறைக்கும் டீசல் அளவு), ரெயில் பிரஷர் இ.சி.யு. கேட்டது எவ்வளவு வந்தது எவ்வளவு என்பதெல்லாம் பார்க்க அந்த வண்டிக்கு ஏற்ற நல்ல ஸ்கேனர் வேண்டியிருக்கும்.

## அறிகுறி: கரும்புகை தள்ளுகிறது, மேட்டில் இழுவை இல்லை

முதல் கேள்வி, வண்டி கம்பெனி மேப்பில் ஓடுகிறதா, ரீமேப் ஆனதா? இ.ஜி.ஆர். திறந்தே நின்றால் புதுக் காற்று வர வேண்டிய இடத்தை எரிந்த புகை பிடித்துக்கொள்ளும். மாஃப் சென்சார் "காற்று குறைவு" என்று சொல்லும். கம்பெனி மேப்பில் உள்ள புகைக் கட்டுப்பாடு அதைப் பார்த்து டீசலைக் குறைத்துவிடும். அதனால் இழுவை போகும், புகை அவ்வளவாகத் தெரியாது. ரீமேப் செய்கிறவர்கள் பலர் முதலில் தளர்த்துவதே அந்தக் கட்டுப்பாட்டைத்தான். காற்று இல்லாவிட்டாலும் அங்கே டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, ஒரே வால்வுக் கோளாறு ஒரு வண்டியில் சோம்பலாகவும் இன்னொன்றில் கருமேகமாகவும் தெரியும்.

அடுத்த கேள்வி, புகை எப்போது?

### கீழ் ஆர்.பி.எம்.மில் அதிகம், 2000 தாண்டினால் ஓரளவு தெளிகிறது

இ.ஜி.ஆர். மேல்தான் முதல் சந்தேகம். முழு ஆக்சிலரேட்டரில் அது மூடியிருக்க வேண்டும், மெதுவாகப் போகும்போது திறக்க வேண்டும். பஜாருக்கும் வீட்டுக்கும் இரண்டாம் கியரிலேயே ஓடும் வண்டியில் கார்பன் சீக்கிரம் சேரும். தினமும் ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் அந்த அளவுக்குச் சேராது. பாவம் என்று மெதுவாக ஓட்டுகிற வண்டிதான் முதலில் அடைக்கிறது.

கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம். வேக்குவத்தில் இயங்கும் வால்வு என்றால், அதற்கு வரும் சிறிய ரப்பர் ஹோஸை உருவி, முனையை ஒரு போல்ட்டால் அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எலக்ட்ரிக் வால்வு என்றால் கனெக்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலானவை ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும். செக் என்ஜின் லைட் எரியும், அது பரவாயில்லை, பிறகு அழித்துக்கொள்ளலாம். புகை குறைந்து இழுவை வந்துவிட்டால் வால்வு நல்லது, அதைத் திறக்கச் சொல்லும் பக்கம்தான் கோளாறு: வேக்குவம் சோலனாய்டு, ஒயர் அல்லது மாஃப் சென்சார். எதுவும் மாறவில்லை என்றால் வால்வு கார்பனில் சிக்கித் திறந்தபடி நிற்கலாம், அல்லது இ.ஜி.ஆர். காரணமே இல்லை. ஸ்கேனரில் மாஃப் அளவைப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். ஐடிலிங்கில் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்கு வரும் காற்று ஏறத்தாழப் பாதியாகும், மூடினால் மேலே ஏறும். கனெக்டரைக் கழற்றிய பிறகும் அளவு கீழேயே கிடந்தால் வால்வைக் கழற்றுங்கள்.

உள்ளே பார்த்தால் ஈரமான கறுப்புக் களி மாதிரி இருக்கும். வெறும் புகைக்கரி இப்படிப் பிடிக்காது. பிரீத்தர் வழியாக வரும் ஆயில் ஆவியோடு கலந்துதான் இப்படி ஒட்டுகிறது. வால்வின் நுனித் தண்டைச் சுற்றி வளையம்போல் கெட்டித்து, சீட்டில் உட்காரவிடாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கும். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் மொத்தக் கோளாறும். கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சீட்டைச் சுரண்டினால் கோடு விழும், அதற்கப்புறம் எவ்வளவு சுத்தம் செய்தாலும் கசியும். மோட்டார் உள்ள பாதியைத் திரவத்தில் முக்காதீர்கள். திருப்பி மாட்டும்போது புது கேஸ்கட் போடுங்கள். எலக்ட்ரிக் வகையில் பல வண்டிகளுக்கு ஸ்கேனரில் "லேர்னிங்" ஓட்ட வேண்டும். அதை விட்டால் சுத்தமான வால்வே தப்பான இடத்தில் நிற்கும்.

வால்வில் இவ்வளவு இருந்தால் இன்டேக் மேனிஃபோல்டிலும் இருக்கும். வாயில் விரலை விட்டுப் பாருங்கள். கரி அரை விரல் கனத்துக்கு மேல் என்றால் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். என்ஜின் ஓடும்போது ஸ்ப்ரே அடித்துக் கரைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டியாக உடைந்து உள்ளே போனால் யார் பதில் சொல்வது?

### முழு ஆக்சிலரேட்டரில் புகை, கூடவே "உஸ்" என்று சத்தம்

டர்போவில் இருந்து இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து மேனிஃபோல்டு வரை எங்கோ காற்று ஓடுகிறது. ஜாயிண்ட்களைக் கையால் தடவிப் பாருங்கள்; புதிதாக ஆயில் ஈரம் உள்ள இடம்தான் சந்தேகத்துக்குரியது. ஹோஸின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து நல்லது என்று விடாதீர்கள். கிளாம்ப் கடிக்கும் விளிம்பில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், பிளேடால் கீறியது போன்ற கோடு இருக்கும். என்ஜின் நிற்கும்போது அது மூடிக்கொள்ளும், டர்போ ஊதும்போது வாய் திறக்கும். ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டு வெளியே வளைத்தால்தான் தெரியும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் டர்போவின் வாயை ஒரு பி.வி.சி. மூடியால் அடைத்து, அதில் டியூப் வால்வு பொருத்தி, ஒரு பாருக்கு மேல் போகாமல் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை காட்டிக்கொடுத்துவிடும். கிளாம்ப் நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. ஹோஸ் கொஞ்சம் கூடுதல். இன்டர்கூலரே வெடித்திருந்தால் ரேடியேட்டர் கடைக்காரரிடம் போக வேண்டியதுதான்.

### போடியில் நன்றாக ஓடுகிறது, போடிமெட்டு நெருங்க நெருங்கப் புகை

போடியைவிட போடிமெட்டு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். கம்பெனி மேப்பில் உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் அட்டவணை இருக்கும். சமவெளியில் டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் மேடை) போட்டு எழுதிய ரீமேப்பில் அதைத் தட்டையாக்கிவிட்டிருப்பார்கள். பாகங்களில் கோளாறு இல்லை என்று மேலே உள்ள சோதனைகளில் தெரிந்துவிட்டால், மேப் எழுதியவரிடம் போய் "மேலே 1400 மீட்டரில் ஓட்டுகிறேன், லோடு இவ்வளவு" என்று சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். இதற்கு இன்ஜெக்டர் மாற்றுவது சம்பந்தமே இல்லாத வைத்தியம்.

### காற்று, இ.ஜி.ஆர். எல்லாம் சரி, ஆனாலும் புகை

இப்போதுதான் இன்ஜெக்டர் சைஸைப் பேசலாம். ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறேன். டீசலில் ஒரு கிராம் எரிபொருளுக்கு 18 கிராம் காற்றாவது இருந்தால் கண்ணுக்குத் தெரியும் புகை அடங்கும். ஸ்கேனரில் முழு ஆக்சிலரேட்டரில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு வரும் காற்றின் எடையைப் பாருங்கள். 1200 மில்லிகிராம் என்றால் 18ஆல் வகுக்க 66 வரும். அதற்கு மேல் டீசல் போட்டால் அது புகையும் சூடும்தான். 90 மில்லிகிராம் போடக்கூடிய நாசில் வாங்கிப் பயன் இல்லை, அதற்கு முதலில் பெரிய டர்போ வேண்டும்.

ரெயில் பிரஷரையும் சேர்த்துப் பாருங்கள். நாசில் ஓட்டை பெரிதானால் அதே பம்ப் அதே பிரஷரைத் தாங்காது. மேல் ஆர்.பி.எம்.மில் கேட்டது 1600, வந்தது 1300 என்று காட்டினால் பம்ப் தோற்றுவிட்டது. பிரஷர் இறங்கினால் டீசல் பொடியாகத் தெறிக்காது, துளி பெரிதாகும், சரியாக எரியாது. பெரிய நாசில் போட்டு இழுவை குறைந்தது என்று வருகிறவர்கள் கதை அநேகமாக இதுதான். ஐடிலிங்கிலும் இவை தொல்லை கொடுக்கும். சின்ன அளவு டீசலைத் துல்லியமாகப் போட அந்த ஓட்டைக்கு வராது, அதற்கு ஏற்ப மேப்பில் நேரத்தைக் குறைத்து எழுத வேண்டும்.

மலை ஏறும் வண்டிக்குப் பெரிய இன்ஜெக்டர் போட்டிருந்தால், டர்போவுக்கு முன்னால் எக்சாஸ்ட் சூடு பார்க்கும் மீட்டர் கட்டாயம் என்பேன். 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றுகொண்டே இருந்தால் காலை எடுங்கள். சமவெளியில் ஓவர்டேக் செய்யும் பத்து நொடியில் ஆகாத சேதம், இருபது நிமிட ஏற்றத்தில் பிஸ்டனுக்கு ஆகிவிடும்.

வெளியாளைக் கூப்பிட வேண்டிய இடம்: ரெயில் பிரஷர் கேட்டதைவிட 200 பாருக்கு மேல் குறைந்து, டீசல் ஃபில்டர் மாற்றியும் மாறவில்லை என்றால் பம்ப் சர்வீஸ் கடை. டர்போ தண்டைக் கையால் பிடித்து ஆட்டும்போது இறக்கை ஓட்டில் உரசினால் டர்போ கடை.

## அறிகுறி: ஏற்றத்தில் திடீரென்று இழுவை அறுந்துவிடுகிறது, நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறும்போது இந்தப் புகார் அதிகம். வண்டி லிம்ப் மோடுக்குப் போகிறது, அதாவது கோளாறு தெரிந்ததும் இ.சி.யு. தானே சக்தியைக் குறைத்துவிடுகிறது. சாவியை அணைத்துப் போடும் முன் கோளாறுக் கோடைப் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த நாலு கோடுகளில் ஒன்றாக இருக்கும்.

பி0299 என்றால் டர்போ காற்று போதவில்லை. மேலே சொன்ன ஹோஸ் சோதனை, அப்புறம் டர்போ ஆக்சுவேட்டருக்கு வரும் வேக்குவம் ஹோஸ். என்ஜின் சூட்டில் இந்தச் சின்ன ஹோஸ்கள் நொறுங்கிப்போகும். மீட்டர் கணக்கில் கடையில் கிடைக்கிறது, சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது மேல்.

பி0234 இதற்கு நேர்மாறு, காற்று அளவு மீறுகிறது. டர்போவுக்குள் உள்ள அசையும் இறக்கைகள் கரியில் சிக்கிக்கொண்டு திறக்க மறுக்கின்றன. ஐடிலிங்கில் ஆக்சுவேட்டர் கம்பி முழு நீளமும் தங்குதடையின்றிப் போய்வருகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் டர்போவைக் கழற்ற வேண்டும்.

பி0087 என்றால் ரெயில் பிரஷர் குறைவு. ஃபில்டரை மாற்றி, கழற்றிய ஃபில்டரை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் தனியாகப் பிரிந்து முத்தாக உருளும். தோட்டத்தில் கேனிலும் பேரலிலும் டீசல் வைத்து ஊற்றுகிறவர்களுக்கு இது சகஜம், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். தட்டில் மின்னும் இரும்புத்தூள் தெரிந்தால் வேறு கதை. பம்ப் அரைபட ஆரம்பித்துவிட்டது. வண்டியை அதற்குமேல் ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தூள் நாலு இன்ஜெக்டருக்கும் போய்விட்டால் செலவு பல மடங்கு.

பி0101 என்றால் மாஃப் சென்சார். அதற்கென்று விற்கும் கிளீனரை மட்டும் அடியுங்கள், கம்பியைத் தொடாதீர்கள். ஆயில் தடவிய ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும்.

## அறிகுறி: ஐடிலிங்கில் நடுக்கம்

சூடான பிறகு நடுங்குகிறது. இ.ஜி.ஆரை அடைத்துப் பார்க்கும் அதே சோதனை. நடுக்கம் நின்றுவிட்டால் மேலே சொன்னபடி வால்வைத் திறக்கச் சொல்லும் பக்கத்தைப் பாருங்கள்; நிற்காமல் மாஃப் அளவும் கீழேயே கிடந்தால் வால்வைச் சுத்தம் செய்யுங்கள்.

குளிரில் நடுங்கி, சூடானதும் அடங்குகிறது. குளோ பிளக் (குளிரில் சிலிண்டரைச் சூடாக்குவது) அல்லது இன்ஜெக்டர். குளோ பிளக்கை மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம், ஓம்ஸ் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும், ஓப்பன் என்று காட்டினால் போய்விட்டது.

"சுக் சுக்" என்ற சத்தத்தோடு நடுக்கம், பானட்டுக்குள் புகை நாற்றம். இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் விட்டிருக்கிறது. இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகக் கெட்டித்திருக்கும். வாஷர் சில்லறைக் காசுதான். ஆனால் நாள் தள்ளினால் அந்தத் தார் இன்ஜெக்டரைத் தலையோடு பிடித்துக்கொள்ளும், உருவுவதற்கே தனி ஆள் வேண்டியிருக்கும். பழைய வாஷரைத் திருப்பிப் போடக் கூடாது. உட்காரும் சீட்டைச் சுத்தம் செய்து, கிளாம்ப் போல்ட்டை டார்க் பார்த்து முறுக்குங்கள். கைக்கணக்கு இங்கே வேலைக்கு ஆகாது.

எப்போதும் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். ஸ்கேனரில் இன்ஜெக்டர் கரெக்‌ஷனைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் பூச்சியத்தை ஒட்டி இருக்க, ஒன்று மட்டும் பிளஸ்ஸிலோ மைனஸ்ஸிலோ 3 மில்லிகிராமைத் தாண்டினால் சந்தேகப்படலாம்; சரியான எல்லை வண்டிக்கு வண்டி மாறும். பிளஸ்ஸில் போனால் உடனே இன்ஜெக்டரைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்தாலும் இப்படித்தான் காட்டும். இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி, அதன் தலையில் பொறித்திருக்கும் கோடையும் (அந்த இன்ஜெக்டரின் டீசல் அளவைக் குறிக்கும் எண்) சேர்த்து இ.சி.யு.வில் மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் இன்ஜெக்டர். அங்கேயே நின்றால் கம்ப்ரஷன், ஹெட்டைக் கழற்றும் ஆளிடம் போங்கள்.

கோடை மாற்றாமல் இன்ஜெக்டரை மட்டும் இடம் மாற்றுகிறவர்கள் நிறைய. அப்புறம் கரெக்‌ஷன் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

## அறிகுறி: காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது

சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை. குளோ பிளக், கம்ப்ரஷன் பக்கம் போங்கள். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

புகை இல்லாத வண்டியில் முதலில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற டியூப் ஒன்றை மாட்டிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஏலத்தோட்டத்துச் சரிவில் மூக்கை மேலே வைத்து நிறுத்திய ராத்திரிகளில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் கிட்டத்தட்ட உறுதி. டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஃபில்டர் ஓ-ரிங், பிரைமர் பம்ப், பிளாஸ்டிக் கப்ளிங் என்று வரிசையாகப் பார்க்கவும்.

குமிழி இல்லை என்றால் செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர். 200 பாரை எட்டாவிட்டால் பல இ.சி.யு.க்கள் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. எட்டாததற்குப் பெரும்பாலும் காரணம் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் லீக். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி, ஆஸ்பத்திரி டிரிப் டியூபை மாட்டி நாலு பாட்டிலுக்குள் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங் விடுங்கள். மட்டம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர்தான். நாலும் சமமாக நிறையக் கொட்டினால் நாலுமே தேய்ந்திருக்கிறது, அப்போது நாலையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றச் சொல்லுங்கள். பைசோ வகை இன்ஜெக்டரில் இந்தச் சோதனை வேண்டாம். அதன் ரிட்டர்ன் லைனில் பிரஷர் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

## அறிகுறி: செக் என்ஜின் லைட் மட்டும், ஓட்டத்தில் குறை இல்லை

பி0401, அதாவது இ.ஜி.ஆர். வழியே போதிய புகை வரவில்லை. வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், வழி அடைத்திருக்கலாம், முன்பு வைத்திருந்தவர் தகடு வைத்து அடைத்தும் இருக்கலாம். கேஸ்கட் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள், தகட்டின் ஓரம் பளிச்சென்று தெரியும். பி0402 என்றால் அளவுக்கு மேல் வருகிறது, பி0403 ஒயரிங், பி0404 வால்வு சொன்ன இடத்தில் நிற்கவில்லை.

தகடு வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சோதனைக்கு ஒரு மணி நேரம் வைத்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தத்தான் இந்த வால்வே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவது குற்றம். கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில்தான் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. எல்லைக்கு அந்தப் பக்கம் தினமும் போய்வருகிற வண்டிக்கு இது இன்னும் வம்பு. 2020க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியில் தகடு வைத்தால் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப். கணக்கும் குழம்பும். ஒரு கோளாறை அடைத்து இரண்டை வாங்குவானேன்?

## அறிகுறி: கூலன்ட் குறைகிறது, எங்கும் சொட்டவில்லை

காலையில் வெண்புகை, கொஞ்சம் இனிப்பு வாடை. இ.ஜி.ஆர். கூலர் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். ராத்திரி ரேடியேட்டருக்குப் பிரஷர் டெஸ்டர் போட்டு, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு ஏற்றி வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் இ.ஜி.ஆர். பைப்பைக் கழற்றிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் கரியாக இருக்க, ஓரிடம் மட்டும் கழுவி விட்டதுபோல் சுத்தமாகவோ வெள்ளை உப்புப் படிந்தோ இருந்தால் கூலர்தான். ரிசர்வாயரில் என்ஜின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகப்பட வேண்டும்.

செல்ஃப் அடித்து என்ஜின் "டக்" என்று நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கிறது. கனெக்டிங் ராடு வளையும். இங்கே தொடங்கி வெளியாள் வேலை. கூலர் மாற்றிய பிறகாவது கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள்.

## அறிகுறி: டர்போ பெட்ரோல், மேல் ஆர்.பி.எம்.மில் தடுமாற்றம், நாக்கிங்

பெட்ரோலில் கதை மாறும். இங்கே இன்ஜெக்டர் சிறிதாக இருப்பதுதான் ஆபத்து. பெட்ரோல் போதாமல் சூடு ஏறிப் பிஸ்டன் போகும். ஐடிலிங்கில் மட்டும் நடுங்கி அணைந்தால் முதல் சந்தேகம் திறந்து நிற்கும் இ.ஜி.ஆர்., மேலே தடுமாறினால் எரிபொருள்.

முதலில் பெட்ரோல் பிரஷர், ஃபில்டர், பம்புக்கு வரும் வோல்டேஜ். அப்புறம் டியூட்டி, அதாவது கிடைக்கும் நேரத்தில் எத்தனை பங்கு இன்ஜெக்டர் திறந்திருக்கிறது என்பது. 6000 ஆர்.பி.எம்.மில் நாலு ஸ்ட்ரோக்குக்கு, அதாவது என்ஜினின் இரண்டு சுற்றுக்கு, கிடைக்கும் நேரம் 20 மில்லி செகண்ட்தான். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 16ஐத் தாண்டினால் 80 சதவீதத்தைத் தாண்டியாயிற்று, அதற்கு மேல் இடம் இல்லை.

சைஸ் கணக்கு: 200 குதிரைத்திறன் டர்போ என்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு என்று வைத்தால் 120 பவுண்டு. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் 30, அதை 0.8ஆல் வகுத்தால் 37.5. பவுண்டுக்கு 10.5 வீதம் பெருக்கினால் நிமிடத்துக்கு 394 சிசி. இது சுத்தப் பெட்ரோலுக்கு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதற்கு ஏழெட்டு சதவீதம் கூடுதலாக வேண்டும், ஆக 425 சிசி. சில வருடம் முன்பு விளிம்பில் கணக்குப் போட்டு டியூனிங் செய்த வண்டிகள் இப்போது தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொஞ்சம்தான் பற்றாக்குறை என்றால் இன்ஜெக்டரை மாற்றாமல் பிரஷரை 3 பாரில் இருந்து 4க்கு ஏற்றினால் 15 சதவீதம் கூடுதலாகப் பாயும். பம்ப் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, மேப்பையும் திருத்தித்தான் செய்ய வேண்டும். நேரடி ஊசி வகை என்ஜினுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அதை டியூனரிடமே விடுங்கள்.

## அறிகுறி: "டக் டக்" என்று இரும்புச் சத்தம், ஒரு சிலிண்டரில் இருந்து புகை

டீசலில் இன்ஜெக்டர் திறந்தபடி சிக்கினால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. உடனே நிறுத்துங்கள், "கம்பம் வரைக்கும் உருட்டிட்டுப் போயிரலாம்" என்று நினைக்காதீர்கள். கட்டி இழுத்துப் பம்ப் கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் சிலிண்டர் எண்ணை மார்க்கரில் எழுதி, தலையில் உள்ள கோடைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் பெஞ்ச் பிரிண்டை வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். நாசிலோ வால்வோ மாற்றியிருந்தால் பெஞ்சில் புதுக் கோடு எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள், முடியும் என்றால் வண்டியில் ஏற்றச் சொல்ல வேண்டியது அந்த எண்ணைத்தான்.